மின்சாரம் நிற்கும் நேரத்துக்கான குழாய் வேலை



கொளத்தூர்க் கடைகளில் வண்ண மீன் வாங்க வருகிறவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள், துடுப்பைப் பார்ப்பார்கள், ஜோடி என்ன விலை என்று கேட்பார்கள். தொட்டிக்கு அடியில் இருக்கும் அலமாரியைத் திறந்து பார்க்கிறவர்கள் குறைவு. வீட்டில் பெரிய மீன் தொட்டி வைப்பதில் கலை என்று மதிக்கத்தக்க பாதி வேலை அந்த அலமாரிக்குள்தான் நடக்கிறது. சம்ப், அதிலிருந்து தண்ணீரை மேலே அனுப்பும் ரிட்டர்ன் பம்ப், இரண்டையும் தொட்டியோடு இணைக்கும் குழாய்கள். இன்றைய உரை அந்தக் குழாய் வேலையைப் பற்றியது.

மீன் காட்சி சென்னைக்குப் புதிதல்ல. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் முன்கை எடுத்து அமைத்த காட்சியகம் 1909-இல் மெரினாவில் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. இன்றைக்குக் கொளத்தூரைச் சுற்றியும் திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்களிலும் வண்ண மீன் வளர்ப்பு பல குடும்பங்களின் பிழைப்பு. பொன்னேரியில் மீன்வளக் கல்லூரியே இருக்கிறது. மீனைப் பற்றிய அறிவுக்கு இந்த வட்டாரத்தில் பஞ்சமில்லை. ஆறடித் தொட்டிக்குக் குழாய் போடத் தெரிந்த கைகள்தான் அரிது.

சம்ப் வேலை செய்யும் விதம் எளியது. கீழே நிலத்தடித் தொட்டி, மோட்டார், மாடியில் மேல்தொட்டி என்று நம் வீடுகளில் இருப்பதன் சிறு வடிவம்தான் அது. தொட்டியின் மேல் விளிம்பருகே ஒரு தடுப்பைத் தாண்டி வழியும் தண்ணீர், குழாய் வழியாகத் தானே கீழே இறங்குகிறது. சம்பில் பஞ்சையும் உயிரி வடிகட்டிப் பொருள்களையும் கடக்கிறது. கடைசி அறையில் இருக்கும் பம்ப் அதை மேலே தள்ளுகிறது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் சம்பில்தான் பெருமளவில் குடியிருக்கின்றன. கோடையில் ஆவியாகும் தண்ணீரின் குறைவு மேலே தெரியாது. கடைசி அறையில் மட்டும் மட்டம் இறங்கும். அங்கே ஒரு ஃப்ளோட் வால்வு வைத்துவிட்டால் பம்ப் வறண்டு ஓடும் ஆபத்தும் குறையும்.

இதெல்லாம் கரண்ட் இருக்கும்வரை. போனால்?

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். அது ஏறக்குறைய 680 லிட்டர் பிடிக்கும். அதில் ஒரு சென்டிமீட்டர் மட்டம் என்றாலே 11 லிட்டர். பம்ப் நின்றதும் முதலில் தடுப்பு வரை வழிந்து இறங்கும். அதோடு நிற்காது. தண்ணீர் ஏறி வந்த ரிட்டர்ன் குழாயே இப்போது உறிஞ்சு குழாயாக மாறி, அதன் வாய்க்குள் காற்றுப் புகும்வரை தொட்டித் தண்ணீரைக் கீழே இழுக்கும். குழாயின் வாய் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் 55 லிட்டருக்கு மேல் இறங்கிவிடும். வழிவுப் பெட்டியிலும் குழாய்களிலும் நிற்கும் தண்ணீர் வேறு.

கடையில் பலரும் கேட்டு வாங்குவது மூன்றடிச் சம்ப். ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். அதில் 30 சென்டிமீட்டர் மட்டத்தில் தண்ணீர் ஓடினால், மேலே மிஞ்சும் இடம் சுமார் 65 லிட்டருக்குத்தான். கணக்கு மயிரிழையில் நிற்கிறது. இன்னும் ஒரு குடம் அதிகமாக ஊற்றி வைத்திருந்தால் கூடத்துத் தரை நனையும். அதே அகல உயரத்தில் நாலடிச் சம்பை வாங்கி, 28 சென்டிமீட்டர் மட்டத்தில் ஓட்டினால் 95 லிட்டருக்கு இடம் இருக்கும். அலமாரியில் இடம் உள்ளவரை பெரிய சம்ப் வாங்குவதே சரி.

இந்த இடத்தில் பல பிளம்பர்கள் ஒரு என்ஆர்வி-யைப் போட்டு வேலையை முடித்துவிடுவார்கள். தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் அந்த வால்வு முதல் மாதம் நன்றாகவே வேலை செய்யும். பிறகு ஒரு சிறு நத்தையோ பாசித் துணுக்கோ சுண்ணாம்புப் படிவோ அதன் இருக்கையில் ஒட்டிக்கொண்டால் போதும், முழுதாக மூடாது. அதைவிட நம்பத்தக்கது மிகவும் மலிவானது: ரிட்டர்ன் குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழேயே நிறுத்துவது, மட்டத்தை ஒட்டி அதில் ஒரு சிறு துளை போடுவது. மட்டம் துளைக்குக் கீழே இறங்கியதும் காற்றுப் புகுந்து இழுப்பு அறுந்துவிடும். துளையில் பாசி அடையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த யோசனை புதிதாக இராது. அங்கே பழைய இரும்பை உருக்கும் இண்டக்ஷன் உலைகள் பல உண்டு. உலையைச் சுற்றியிருக்கும் செப்புச் சுருளுக்குள் குளிர்நீர் ஓயாமல் சுற்றி வர வேண்டும். மின்சாரம் நின்றாலும் உலைக்குள் இருக்கும் உருகிய இரும்பு உடனே ஆறாது. நீரோட்டம் நின்றால் சுருள் கெட்டுவிடும். ஆகவே உயரத்தில் ஒரு அவசரத் தொட்டியோ டீசல் பம்போ வைத்து, மின்சாரம் இல்லாத நேரத்திலும் சுருளுக்குத் தண்ணீர் போக வழி செய்திருப்பார்கள். பம்ப் நிற்கும் என்று எண்ணியே குழாய் போடுகிற அந்தப் புத்தி வீட்டுத் தொட்டிக்கும் தேவை. ஃபிட்டர் வேலை கற்ற இளைஞர்கள் மீன் தொட்டிப் பக்கம் திரும்பினால் இந்தக் கலைக்கு நல்ல காலம்.

இறங்கும் குழாயின் தரத்தைக் காதாலேயே அளக்கலாம். குழாயில் தண்ணீரும் காற்றும் கலந்து இறங்கினால் கூடமெங்கும் குடுகுடுவென்று சத்தம் கேட்கும். டர்சோ முறையில் செங்குத்துக் குழாயின் தலையில் காற்றுத் துளை விட்டு அதைத் தணிப்பார்கள். பீன் அனிமல் என்ற முறையில் மூன்று குழாய்கள்: ஒன்று காற்றே இல்லாமல் முழு இழுப்பில் இறங்கும், ஒன்று மிச்சத்தை மட்டும் வாங்கும், மூன்றாவது அடைப்பு ஏற்பட்டால் மட்டும் வேலைக்கு வரும். கண்ணாடியில் மூன்று ஓட்டை போடுவதா என்று கடைக்காரரே தயங்குவார். ஆனால் ஒரே குழாயை நம்பியிருக்கும் தொட்டியில் ஒரு இலை போய் அடைத்தால், பம்ப் சம்பிலிருக்கும் தண்ணீரை ஏற்றி மேலே வழிய விடும். இரண்டாவது குழாயாவது கட்டாயம் வேண்டும்.

பொருள் தேர்விலும் கவனம் தேவை. வீட்டுக் குழாய் வேலைக்கு நல்லது என்று பிளம்பர் பித்தளை வால்வை எடுத்து நீட்டுவார். பித்தளையில் இருப்பது செம்பு. இறாலுக்கும் நத்தைக்கும் கடல்நீர்த் தொட்டியின் பவளங்களுக்கும் அது விஷம். ஜிஐ டேங்க் நிப்பிளின் துத்தநாகப் பூச்சும் ஆகாது. டேங்க் நிப்பிள், எல்போ, பால் வால்வு எல்லாம் பிவிசியிலேயே இருக்கட்டும். பம்புக்கு அருகே, கழற்றி மாட்டக்கூடிய இணைப்பான யூனியன் ஒன்றை வைக்கச் சொல்லுங்கள். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஊடுருவிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. இந்த வட்டாரத்தில் பல ஊர்களின் போர்த் தண்ணீர் கடினமானது. சுழலியில் வெள்ளைப் படிவு ஏறும்போது பம்பைக் கழற்றிக் கழுவத்தான் வேண்டும். யூனியன் இல்லாமல் சால்வன்ட் போட்டு ஒட்டிய குழாயை வெட்டுவதைத் தவிர வேறு வழியிராது.

பம்ப் வாங்கும்போது அட்டையில் உள்ள எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். மணிக்கு 5,000 லிட்டர் என்பது உயரமே ஏற்றாதபோது கிடைக்கும் அளவு. அதிகபட்ச உயரம் என்று போட்டிருப்பது, ஒரு சொட்டும் வெளியே வராத உயரம். சம்பிலிருந்து தொட்டி விளிம்புக்கு ஒன்றேகால் மீட்டர் ஏற வேண்டும். ஒவ்வொரு எல்போவும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். 680 லிட்டர்த் தொட்டிக்கு மணிக்கு 3,400 லிட்டர், அதாவது ஐந்து சுற்று, மேலே வந்து விழுந்தால் போதுமானது. மின்செலவையும் பாருங்கள். 85 வாட் பம்ப் இரவு பகலாக ஓடினால் இரண்டு மாதத்துக்கு 122 யூனிட்.  40 வாட் டிசி பம்ப் விலை கூடுதல்தான், ஆனால் 58 யூனிட்டில் முடியும். இன்வெர்ட்டரிலும் அதுவே நெடுநேரம் தாங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையிலும் திருவள்ளூர் மாவட்டத்திலும் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் போனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

புதிதாகத் தொட்டி வைக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மீன் விடுவதற்கு முன்பே தண்ணீரை நிரப்பிப் பம்பை ஓட விடுங்கள். பிறகு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, தண்ணீர் இறங்கி நிற்கும்வரை சம்பின் அருகிலேயே இருங்கள். மறுபடி போட்டு, மறுபடி அணையுங்கள். வழியாமல் தாங்கும் மட்டம் எது என்று தெரிந்ததும், சம்பின் கண்ணாடியில் அந்த இடத்தில் அழியாத மையால் ஒரு கோடு போட்டு, வீட்டில் உள்ள எல்லோரிடமும் சொல்லிவையுங்கள்: பம்ப் ஓடும்போது அந்தக் கோட்டுக்கு மேல் யாரும் தண்ணீர் ஊற்றக் கூடாது.