கடல்நீரை அளந்த பெண்மணி

"அறிவியல் ஆராய்ச்சியெல்லாம் பெண்பிள்ளைக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல ஜப்பானைச் சேர்ந்த கத்சுகோ சருஹாஷியின் வாழ்க்கை ஒன்றே போதும்.

சருஹாஷி 1920-ஆம் ஆண்டு தோக்கியோவில் பிறந்தார். காப்புறுதி நிறுவனத்தில் நிலையான வேலை இருந்தும், 21 வயதில் அதை விட்டுவிட்டுப் பெண்களுக்கான அறிவியல் கல்லூரியில் சேர்ந்தார். 1943-இல் பட்டம் பெற்றபின், யசுவோ மியாகே என்ற அறிவியலாளரிடம் சேர்ந்து கடல்நீரை ஆராய்ந்தார். 1957-இல் தோக்கியோ பல்கலைக்கழகத்தில் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் இவரே.

1954 மார்ச் 1-ஆம் தேதி, பிக்கினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. அவ்வழியே சென்ற ஜப்பானிய மீன்பிடிப் படகில் இருந்த 23 பேர் மீதும் கதிரியக்கச் சாம்பல் விழுந்தது. அவர்களில் ஒருவர் அதே ஆண்டில் மாண்டார். கடலில் எவ்வளவு கதிரியக்கம் கலந்திருக்கிறது? அதை அளக்கும் பொறுப்பு சருஹாஷியிடம் வந்தது. ஜப்பானை ஒட்டிய கடலில் அது மிகுதியாக இருப்பதை மியாகேயும் அவரும் கண்டறிந்தனர்.

அமெரிக்க நிபுணர்கள் நம்பவில்லை. இத்தனை பெரிய கடலில் அது கரைந்துபோயிருக்கும், அளந்ததில்தான் பிழை என்றார்கள். 1962-இல் சருஹாஷி கலிபோர்னியாவுக்கே சென்றார். ஸ்கிரிப்ஸ் கடலாய்வுக் கழகத்தில் ஆறு மாதம் சோதனை நடந்தது. அமெரிக்க அறிவியலாளர் ஒரு முறையிலும் சருஹாஷி தம் முறையிலும் அளந்தார்கள். இருவர் கணக்கும் ஒத்துப்போயின. சந்தேகம் அடங்கியது. மறு ஆண்டே, வானிலும் நீருக்கடியிலும் அணுகுண்டுச் சோதனை நடத்துவதில்லை என்று அமெரிக்காவும் சோவியத் யூனியனும் பிரிட்டனும் ஒப்பந்தம் செய்துகொண்டன.

தமக்குக் கதவு திறந்ததும் அவர் நிம்மதியாக அமர்ந்துவிடவில்லை. 1958-இல் ஜப்பானியப் பெண் அறிவியலாளர் சங்கம் உருவாகத் துணைநின்றார். 1980-இல் ஜப்பான் அறிவியல் மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்ணானார். அதே ஆண்டு பணி ஓய்வின்போது சக ஊழியர்கள் அன்பளிப்பாகக் கொடுத்த பணத்தை, பெண் அறிவியலாளர்களுக்கான அமைப்பைத் தொடங்கக் கொடுத்துவிட்டார். 1981 முதல் அந்த அமைப்பு, 50 வயதுக்குட்பட்ட பெண் அறிவியலாளர்களுக்குச் சருஹாஷி விருதை வழங்கி வருகிறது. 2007-இல் அவர் காலமானார்.

தம் திறமையை மெய்ப்பிக்க அவர் கடல் கடந்து போக வேண்டியிருந்தது. அடுத்து வரும் பெண்களுக்கு அந்தச் சிரமம் இருக்கக்கூடாது என்றுதான் அவர் பாடுபட்டார். அதன் தொடக்கம் வீட்டில்தான் இருக்கிறது. அறிவியல் படிக்க ஆசைப்படும் மகளிடம் "உனக்கு எதற்கு?" என்று கேட்காதீர்கள். "என்ன கண்டுபிடித்தாய்?" என்று கேளுங்கள்.