ஊழியம் என்னும் சொல்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



சொற்களை எடைபோட்டுப் பழகியவர்கள் கூடியிருக்கும் அவை இது. ஆதலின், கிறித்துவின் நற்செய்தி அன்றாட வாழ்வில் என்ன பொருள் பெறுகிறது என்னும் வினாவை ஒரு சொல்லின் வழியே அணுகுவது தகும். நான்கு நற்செய்தி நூல்களைச் சீகன்பால்கு தரங்கம்பாடி அச்சகத்தில் 1714இல் தமிழில் அச்சேற்றினார். ஒரு சாரார் ‘சுவிசேஷம்’ என்றும் மற்றொரு சாரார் ‘நற்செய்தி’ என்றும் வழங்கி வருவதை யாவரும் அறிவர். அவ்வழக்கை விடுவோம். நின்று நோக்க வேண்டிய சொல் ‘ஊழியம்’ என்பது.

இற்றை நாளில் ‘ஊழியம்’ என்றவுடன் மேடையும் ஒலிபெருக்கியும் சுவரொட்டியும் நினைவில் எழுகின்றன. திருவிதாங்கூரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சொல்லுக்கு இருந்த பொருள் வேறு. ஒடுக்கப்பட்ட சாதியினர் அரசுக்கும் கோயிலுக்கும் கூலியின்றிச் செய்தே தீரவேண்டிய கட்டாய வேலைக்கு அதுவே பெயர். சுமை சுமந்தனர், சாலை அமைத்தனர், அழைத்த நேரத்தில் தம் வயலை விட்டு ஓடினர். முதுகில் தழும்பேற்றிய சொல் அது.

அத்தகைய சொல்லைத்தான் பழைய மொழிபெயர்ப்பு இயேசுவின் பணிக்குச் சூட்டியது. தாம் பிறரிடம் வேலை கொள்ள வரவில்லை, பிறருக்கு வேலை செய்யவே வந்ததாக அவர் கூறும் இடத்தில் நிற்பது ‘ஊழியம்’. 1995இல் வெளிவந்த பொதுமொழிபெயர்ப்பு அதனைத் ‘தொண்டு’ என்று மாற்றியது. தமிழ் செம்மையுற்றது உண்மை. ஆயினும் ஏதோ ஒன்று நழுவிற்று என்றே சொல்லத் தோன்றுகிறது. ‘தொண்டு’ என்பதில் செய்பவரின் பெருமை சற்றே ஒளிர்கிறது. ‘ஊழியம்’ என்பதிலோ குனிந்த முதுகு தெரிகிறது. மூல மொழியாகிய கிரேக்கத்திலும் அச்சொல் உணவுப் பந்தியில் பரிமாறும் பணியாளின் வேலையைக் குறித்ததே. சீடர் கால்களைக் கழுவக் குனிந்தவருக்கு எச்சொல் பொருந்தும் என்பதைப் பாவலர்களே கூறட்டும்.

அத்திருவிதாங்கூரின் தென்பகுதியில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரில், 1838இல் இலண்டன் மிஷன் மருத்துவப் பணியைத் தொடங்கியது. நூறாண்டை நெருங்கும் வேளையில் அங்கு வந்து சேர்ந்தவர் ஹோவர்டு சோமர்வெல். இங்கிலாந்தில் காலணித் தொழில் நடத்திய குடும்பத்தில் 1890இல் பிறந்தவர்; அறுவை மருத்துவர்; ஓவியர்; மலையேறுபவர். 1916இல் சோம் போர்க்களத்தின் பின்புறத்தில், தரையெங்கும் கிடத்தப்பட்ட காயமுற்றோரிடையே பணிபுரிந்தார். தன்னை முதலில் கவனிக்குமாறு அவர்களுள் ஒருவரும் கேட்கவில்லை என்று பின்னாளில் எழுதினார். அக்காட்சி அவரைப் போரின் பகைவராக்கியது.

1922இல் எவரெஸ்ட் குழுவில் சென்றார். சூன் 7ஆம் நாள் பனிச்சரிவில் சுமைதூக்கிகள் எழுவர் மாண்டனர். வெள்ளையர் அனைவரும் உயிர் தப்பினர். தம்மவருள் ஒருவரேனும் அச்சாவில் பங்கு கொள்ளாமற் போனதே என்று அவர் நெஞ்சம் வெந்தது. பிறர் முதுகின்மேல் ஏறி உச்சியைத் தொடும் முயற்சி அது என்பதை அவர் அறியாதவர் அல்லர். (மலையேற்ற நூல்கள் பலவும் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகின்றன.)

பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கையில் நெய்யூர் வந்தார். மருத்துவர் ஒருவர் தாளமுடியாத நோயாளர் கூட்டத்துக்கு நடுவே அறுவை செய்துகொண்டிருந்தார். சோமர்வெல் உடன் நின்று கத்தியை எடுத்தார். இலண்டன் பெருமருத்துவமனையில் காத்திருந்த எதிர்காலத்தைத் துறந்து நெய்யூரையே தம் இடமாகக் கொண்டார். 1924இல் மீண்டும் எவரெஸ்டில் ஏறி, மூச்சுக்குழல் அடைபட்டுச் சாவின் விளிம்பைத் தொட்டு மீண்டார். உச்சி எட்டவில்லை. திரும்பி வந்த இடம் நெய்யூரே.

அவர் செய்த வேலையில் வியப்பூட்டும் நிகழ்ச்சிகள் குறைவு. வயிற்றுப்புண்ணால் துடிப்போர் நாள்தோறும் வந்தனர். நாள்தோறும் வயிறு திறக்கப்பட்டது, தைக்கப்பட்டது. மறுநாளும் அதுவே. நற்செய்தி நாளிதழ்ச் செய்தியைப்போல் ஒருமுறை சொல்லி முடிவதன்று. சலிப்பூட்டும் அளவுக்குத் திரும்பத் திரும்பச் செய்யப்படும் வேலையில்தான் அது வாழ்கிறது. நோயாளிக்குக் கலம் ஏந்துபவரும், இரவில் விளக்கைத் தூண்டிவிடுபவரும், புண்ணைத் துடைப்பவரும் அவ்வேலையில் அறுவை மருத்துவருக்கு நிகரானோர். அவர்தம் பெயர்களை எந்த நூலும் பதியவில்லை. சோமர்வெல்லின் பெயர் நிலைத்ததற்கு எவரெஸ்டும் ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

கட்டாயத்தால் சுமந்தவர்களின் ஊரில், கட்டாயம் ஏதுமின்றி ஒருவர் சுமக்க வந்தார். அதனால் பழைய ஊழியத்தின் கொடுமை நியாயமாகிவிடாது. சுமை இறக்கப்பட்டது சட்டத்தாலும், மக்களின் நெடிய போராட்டத்தாலும். அவர்களிடம் சென்று குனிந்து பணிபுரியச் சொல்வது கொடுமை. குனிய வேண்டியவர் எவர் என்பதை நற்செய்தி நூல்கள் தெளிவாகவே காட்டுகின்றன. கால் கழுவியவர் அப்பந்தியில் ஆசான். கழுவப்பட்டவர்கள் மீனவரும் வரிதண்டுவோரும்.

சோமர்வெல் பின்னர் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இளைஞர்களுக்கு அறுவை மருத்துவம் கற்பித்தார். 1961இல் ஓய்வு பெற்று, தாம் பிறந்த மலைநாட்டுக்குத் திரும்பினார்.