சரித்திர பாடமும் இணையக் குறிப்புகளும்
(பரளச்சியில் கூடிய சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வியைப் பற்றிப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் பணித்தனர். கல்வியின் பெருமையைப் புகழ்ந்துரைத்தல் எளிது. அதனால் விளையும் பயன் சிறிது. ஆதலின், எம்மனைய உபாத்தியாயர்க்கு நாடோறும் நேரும் ஒரு காரியத்தையே பொருளாகக் கொண்டோம். சரித்திர வகுப்பிற்குச் செல்லுமுன் பாடக்குறிப்பு எழுதுதல் வேண்டும். முன்னாளில் பாடநூலையும், நூல்நிலையத்திற் கிடைத்த இரண்டொரு புத்தகத்தையும் துணைக்கொண்டு எழுதினர். இந்நாளிலோ கைப்பேசியைத் தொட்ட மாத்திரத்தில், பிறர் எழுதி முடித்த குறிப்புகள் இணையத்தினின்று வரிசையாக வந்து நிற்கின்றன. இலவசமாகக் கிடைத்த மல்லி விதையாயினும் உள்ளங்கையிலிட்டு ஊதிப் பாராமல் விதைக்கும் குடியானவன் நம் கரிசற்காட்டில் இல்லை. குழந்தைகளின் அறிவில் விதைப்பதை மட்டும் ஊதிப் பாராமல் விதைக்கலாமோ?

அரசாங்கத்தார் அளிப்பவற்றைப் பற்றி நீளப் பேச வேண்டுவதில்லை. 2018 முதல் வெளிவந்த பாடநூல்களில் கியூ.ஆர். குறியீடு அச்சிட்டனர், தீக்ஷா செயலியால் அதனைப் படித்தால் காணொளி தோன்றும். 2019-இல் கல்வித் தொலைக்காட்சியும், 2023-இல் மணற்கேணி செயலியும் வந்தன. இவை பாடநூலை ஒட்டிச் செல்வன. வழி தவறச் செய்வது அரிது. ஆயினும் பாடநூல் சொன்னதையே மறுபடியும் சொல்லி அமையும் இடங்கள் பல என்பது எம் கருத்து.

ஏனையவற்றை எடுக்கும்போது முதலில் நோக்க வேண்டுவது, குறிப்பு எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்பதே. கீழடியில் 2015-இல் அகழ்வாராய்ச்சி தொடங்கிற்று. 2019 செப்டம்பரில் மாநிலத் தொல்லியல் துறையினர் வெளியிட்ட அறிக்கை, 353 சென்டிமீட்டர் ஆழத்திற் கிடைத்த ஒரு மாதிரியின் காலத்தைக் கி.மு. 580 என்று கூறியது. அதற்கு முன் எழுதிய குறிப்பு இதனை அறிந்திருத்தல் இயலாது. அது எழுதினவர் குற்றமன்று. ஆண்டே காட்டாத குறிப்பை எடுத்து ஓதுபவர் குற்றமே அது.

அடுத்தது, சான்று யாது என்னும் கேள்வி. வீரபாண்டிய கட்டபொம்மனைப் பற்றி யாம் கண்ட ஒரு பாடக்குறிப்பில், 1959-இல் வந்த திரைப்படத்தின் வசனம், ஜாக்ஸன் துரைக்கு அவர் அளித்த விடையாகவே எழுதப்பட்டிருந்தது! படம் பெரும்படமே, சிவாஜி கணேசனின் நடிப்பை மெச்சாதார் யார்? ஆயினும் அது சாசனமன்று. இருவரும் 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் சந்தித்ததும், அங்குக் கலகம் நேர்ந்ததும், பின்பு கும்பினியார் விசாரணைக் குழு அமைத்து ஜாக்ஸனையே பதவியினின்று நீக்கியதும் சரித்திரம். 1799 அக்டோபர் 16-ஆம் நாள் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டவர் பானர்மன். தன் உத்தியோகஸ்தனையே நீக்கிய கும்பினி, மறு வருஷமே அப்பாளையக்காரரைத் தூக்கிலிட்டது ஏன்? இக்கேள்வியை வகுப்பில் எழுப்பினால் ஒரு மணி நேரம் போதாது. அக்குறிப்பிலோ இக்கேள்வி இல்லை. வசனம் மட்டுமே இருந்தது.

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சாம் வைன்பர்க் என்னும் பேராசிரியரும் அவர் குழுவினரும் இணையத்தில் இலவசமாக வெளியிட்ட பாடங்கள் வேறு வகையின. ஒரு கேள்வி, அதனைப் பற்றிய மூலச் சான்றுகள் சில. அவற்றைப் படித்து மாணாக்கனே விடை காண்பான். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் நடந்த ஒரு சண்டையைக் கண்டவர் ஒவ்வொருவரும் வெவ்வேறாகச் சொல்வதை முதற்பாடமாக வைத்திருக்கின்றனர். நமக்குக் குழாயடிச் சண்டை போதும். அவர்கள் பொருள் நமக்கு வேண்டா, முறை வேண்டும்.

அம்முறைக்கு வேண்டிய சான்று நம் அருகிலேயே உள்ளது. திருச்சுழியை அடுத்த பள்ளிமடத்துக் கோயிற் பலகைக் கற்களிலுள்ள பாண்டியர் காலத்துச் சாசனங்கள், தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளுள் 14-ஆம் தொகுதியில் அச்சேறியுள்ளன. இணையத்தில் அதனைப் பெறலாம். திருவிளக்கு எரிக்க ஆடுகள் விட்ட செய்தி அவற்றில் வருகின்றது. அத்தகைய ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்பது கல்வெட்டு வழக்கு. ஆடு சாகாதிருத்தல் எங்ஙனம் என்று கேட்டால், கிடை போடும் வீட்டுப் பிள்ளை உடனே விடை சொல்வான்: செத்ததற்கு ஈடாகக் குட்டி வளர்ந்துவிடும், மந்தை குறையாது என்பான். பட்டணத்துப் பிள்ளைக்கு இதனை விளக்க அரைமணி செல்லும்.

இனிச் சொல்லப்போவது சிலர்க்குக் கசக்கும். ஆயினும் நம்மவர் அவையில் சொல்லாது வேறெங்குச் சொல்வது? நம் குலத்தார் இன்ன அரசர் வழியினர் என்று கூறும் இணையப் பக்கங்கள் பல உள. மற்றைக் குலத்தார்க்கும் அவ்வாறே உள. ஒரே அரசரைப் பலரும் உரிமை கொண்டாடுகின்றனர். அன்பர் சிலர் அவற்றை அச்செடுத்து வந்து, பாடக்குறிப்பிற் சேர்க்கலாகாதா என்று எம்மைக் கேட்டனர். எந்தக் கல்வெட்டு, எந்தச் செப்பேடு, யார் படித்தது என்று கேட்டோம், விடை கிடைத்திலது. ஊரிலுள்ள எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்க, ஒருவனை அரசனாக்கி மற்றவனை அடிமையாக்கும் கதையைச் சான்றின்றி ஓதினால், அது மாலையில் தெருமுனையில் கைகலப்பாக முடிதல் கூடும். சான்று வந்தால் முதலில் ஓதுபவர் யாமே; அதுகாறும் சேர்ப்பதற்கில்லை.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டிகளில் பழைய கிரயப் பத்திரங்கள், தீர்வை ரசீதுகள், ஓலைகள் இருத்தல் கூடும். அடுத்த மாதக் கூட்டத்திற்கு அவற்றைக் கொண்டுவருவீர்களாயின், படமெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவோம். கரையான் அரித்தவையாயினும் கொண்டுவருக.