வாரம் ஒரு மணி நேரச் சிரிப்பு

(திருத்தணியில் நடந்த ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



மருத்துவமனைக்காரர்கள் பேச வந்தால் கட்டடக் கணக்கு, கட்டில் கணக்கு, கடைசியில் காணிக்கைப் பை என்றுதான் நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். இன்று ஒரு மாறுதலுக்கு, ரோட்டரி சங்கத்தின் வாரக் கூட்டத்தைப் பற்றிப் பேச விரும்புகிறோம்.

அதற்குக் காரணம் உண்டு. நம் ஊழியத்தைத் தாங்கும் நண்பர்களில் சிலர் எங்களிடம் கேட்பதுண்டு: "சேவைச் சங்கம் என்கிறார்கள். ஆனால் கூடிச் சாப்பிடுகிறார்கள், சிரிக்கிறார்கள், ஒருவருக்கொருவர் மாலை போட்டுக்கொள்கிறார்கள். அந்தப் பணத்தை ஏழைக்குக் கொடுத்தால் என்ன?" கேள்வி நியாயமானதே.

முதலில் அந்தக் கூட்டம் எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறோம். தலைவர் மணியடிப்பார். கூட்டத்தின் ஒழுங்கைக் கவனிக்க சார்ஜெண்ட் என்று ஒருவர் இருப்பார். அவருக்குப் பிடித்த வேலை அபராதம் போடுவது! சட்டையில் சக்கரச் சின்னம் குத்தாமல் வந்தவருக்கு அபராதம். பேப்பரில் போட்டோ வந்தவருக்கு அபராதம். புதுச் செருப்பு போட்டவருக்கும் அபராதம். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானவர், யாரும் கேட்குமுன்னே தாமாக எழுந்து நோட்டை நீட்டுவார். விருந்தினராகப் போன எங்கள் டாக்டரையும் ஒருமுறை விடவில்லை. "இருபது நிமிடத்தில் பேச்சை முடித்துவிட்டார். எந்த டாக்டரும் இவ்வளவு சீக்கிரம் ஆளை வெளியே விடுவதில்லை" என்று பத்து ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். இந்த ஊர்ப் பக்கத்தில் தமிழில் ஒரு சிரிப்பு, தெலுங்கில் ஒரு சிரிப்பு என்று இரண்டு பங்கு கிடைக்கும். இப்படி விளையாட்டாகச் சேரும் பணமும் ஒரு நற்காரியத்துக்குப் போய்ச் சேரும்.

இந்தச் சிரிப்பு இடையில் வந்து ஒட்டிக்கொண்டது அல்ல. சங்கம் பிறந்ததே நட்பைத் தேடித்தான். 1905 பிப்ரவரி 23ஆம் தேதி சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் மூன்று பேரோடு கூடினார். ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் சுரங்கப் பொறியாளர், ஒருவர் தையற்கடைக்காரர். பெரிய நகரத்தில் சிற்றூர் நட்பைத் தேடியவர்கள் அவர்கள். முறை வைத்து ஒவ்வொருவர் அலுவலகத்திலும் கூடியதால்தான், சுழற்சி என்ற பொருளில் ரோட்டரி என்று பெயர் வந்தது. அடுத்துச் சேர்ந்த அச்சுக்கூடக்காரர் ஹாரி ரகிள்ஸ், கூட்டத்தில் பாடும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தார். சேவை பிறகுதான் வந்தது. அவர்கள் எடுத்த முதல் பொதுக்காரியம் என்ன தெரியுமா? நகரத்தில் பொதுக் கழிப்பிடம்! நட்பில் தொடங்கியவர்கள் அக்கம்பக்கத்தின் தேவையைக் கண்டுகொண்டார்கள்.

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். 1980களின் தொடக்கத்தில் வேலூரில் இளம்பிள்ளைவாதத்தால் கால் சூம்பிய பிள்ளைகளைக் காணாத தெரு அரிது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜானும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒரு வழியைச் செய்து பார்த்தார்கள். பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கு வரட்டும் என்று காத்திராமல், ஊரிலுள்ள சிறு பிள்ளைகள் எல்லாருக்கும் குறிப்பிட்ட நாட்களில் ஒரே சமயத்தில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். வேலூர் ரோட்டரி சங்கத்தார் துணை நின்றார்கள். நோய் அடங்கியது. அதன் விவரம் 1983இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியாகி உலகத்துக்குத் தெரிந்தது.

ஒரே நாளில் ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்க என்ன வேண்டும்? மருந்து மட்டும் போதாது. அது சூடேறினால் கெட்டுப்போகும். ஆகவே ஐஸ் வேண்டும். ஜீப் வேண்டும். பந்தல் வேண்டும். தெருத்தெருவாகச் சொல்ல ஒலிபெருக்கி வேண்டும். தாய்மார் நம்பும் பள்ளிக்கூட வாத்தியார் வேண்டும். ரோட்டரியில் பல தொழில்களிலிருந்தும் ஆள் சேர்ப்பது பழைய வழக்கம். ஐஸ் ஃபாக்டரிக்காரர், அரிசி மில்காரர், ஜவுளிக்கடைக்காரர், தலைமையாசிரியர், டாக்டர் எல்லாரும் வாராவாரம் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒருவரையொருவர் கேலி செய்தவர்கள். செருப்புக்கு அபராதம் போட்ட மனிதரிடம் ஜீப்பைக் கேட்க யாருக்குத் தயக்கம் வரும்? மனுவும் வேண்டாம், சிபாரிசும் வேண்டாம். "அண்ணே, ஞாயிற்றுக்கிழமை வண்டி வேணும்" என்றால் போதும்.

1985இல் ரோட்டரி இயக்கம் உலகெங்கும் போலியோவை ஒழிக்க இறங்கியது. 12 கோடி டாலர் திரட்ட எண்ணினார்கள், 1988க்குள் 24.7 கோடி டாலர் சேர்ந்தது. 1995 டிசம்பரில் இந்தியா முழுவதற்குமான போலியோ சொட்டு மருந்து நாள் தொடங்கியது. எல்லையோரத்தில் இருக்கும் நமக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஆனால் அத்தை வீடு நகரியில், மாமன் வீடு புத்தூரில். ஆடிக் கிருத்திகைக்கு இரு மாநிலத்தாரும் மலையேறுகிறார்கள். கிருமிக்கு எல்லைக்கோடு தெரியாது. ஆகையால் இரு புறமும் ஒரே நாளில் மருந்து கொடுப்பதே அதை மடக்கும் வழி.

2011 ஜனவரி 13க்குப் பிறகு இந்தியாவில் இயற்கைப் போலியோ கிருமியால் ஒரு பிள்ளைக்கும் வாதம் வரவில்லை. 2014 மார்ச் 27 அன்று போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. 1985லிருந்து எண்ணிப் பாருங்கள், ஏறக்குறைய முப்பது ஆண்டுகள்! அத்தனை காலம் உற்சாகம் குன்றாமல் ஒரே காரியத்தில் நிற்பது எளிதல்ல. கடமைக்காக மட்டும் கூடியிருந்தால் பலர் பாதியிலேயே களைத்திருப்பார்கள். சிரிப்பு அவர்களைச் சேர்த்து வைத்திருந்தது.

மாலையோடும் போட்டோவோடும் நின்றுவிடும் சங்கங்களும் உண்டு, மறுக்கவில்லை. வேலை நெருக்கடியில் ஆட்கள் குறைகிறார்கள் என்பதும் உண்மை. வாரந்தோறும் கூடவேண்டும் என்ற விதியையே ரோட்டரி இயக்கம் 2016இல் தளர்த்தி, மாதம் இருமுறை கூடினால் போதும் என்றது. ஆனால் பணம் அனுப்புவது மட்டும் மிஞ்சி, முகம் பார்ப்பது நின்றுபோனால், அவசரத்துக்கு ஜீப் யாரிடம் கேட்பது?

நண்பர்களே, நம் ஆதரவாளர் குழுக்களுக்கும் இது பொருந்தும். நாம் பெரும்பாலும் பணம் தேவைப்படும்போதுதான் கூடுகிறோம். அதனால் அழைப்பு வந்தாலே சிலருக்குக் கை பையைத் தொட்டுப் பார்க்கிறது! உங்களிடம் ஒன்று கேட்கிறோம். உங்கள் சபையில் மாதம் ஒரு மாலை, காணிக்கைப் பேச்சே இல்லாமல் கூடுங்கள். காபியும் சுண்டலும் போதும். நெசவாளரும் ஆசிரியரும் ஆட்டோ ஓட்டுநரும் நர்ஸம்மாவும் ஒரே பாயில் உட்காரட்டும். பிள்ளைகள் பாடட்டும். யாராவது அபராதம் போட விரும்பினால் தாராளமாகப் போடட்டும். அடுத்த முறை ஒரு கிராமத்தில் கண் முகாமோ தடுப்பூசி முகாமோ வைக்கும்போது, யாரிடம் என்ன கேட்கலாம் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

அந்த மாலைக்கு எங்களையும் அழையுங்கள். பேச்சைச் சீக்கிரம் முடித்ததற்கான பத்து ரூபாயைக் கையிலேயே கொண்டுவருகிறோம்.