முதுகுத்தண்டில் ஒரு குருதிக் கசிவு



சிதம்பரம் மேல வீதியில் வாழ்ந்த என் தமையனார்க்கு இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தப்பட்டிருந்தது. அதன்மீது இரத்தம் உறைந்து படியாதிருக்கும் பொருட்டு, நாள்தோறும் வார்ஃபரின் மாத்திரை உட்கொண்டு வந்தார். ஒரு நாள் காலை ஐந்து மணிக்கு, தோள்பட்டைகளின் நடுவே திடீரென வலி எழுந்து விலாவைச் சுற்றி மார்புவரை ஓடுவதாகக் கடலூரிலிருந்த எனக்குத் தொலைபேசியில் கூறினார். நான் கற்றறிந்தவனல்லவா! “வாயுப் பிடிப்புதான் அண்ணா, வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்” என்றேன். நண்பகலில் நான் பேருந்திலிருந்து இறங்கி வீட்டை அடைந்தபோது அவருடைய கால்கள் மரத்துப் போயிருந்தன, சிறுநீரும் பிரியவில்லை.

முதுகெலும்புகள் அடுக்கியமைந்த குழாயினுள்ளே தண்டுவடம் செல்கிறது. அதனைப் போர்த்த உறைக்கும் எலும்புக்கும் இடையே மெல்லிய சிரைகளின் பின்னல் ஒன்று உண்டு. இருமலாலோ, பளு தூக்குவதாலோ, யாதொரு காரணமுமின்றியோ அவற்றுள் ஒன்று கசியலாம். இம்மருந்து உண்பவர்க்கு அக்கசிவு எளிதில் நிற்பதில்லை. எலும்புக் குழாயோ விரிந்து கொடுக்காது. தேங்கும் குருதி நரம்பு வேர்களை அழுத்த, வலி அந்நரம்பின் வழியே ஓடுகிறது. பின்னர் தண்டுவடமே நெரிபட, கால்கள் செயலிழக்கின்றன. அரிதான நோய்தான். ஆயினும் இம்மருந்து உண்பவர்க்குத் திடீரென இத்தகைய வலி தோன்றினால், ஒத்தடத்தை நாடாது உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மருந்தின் வரலாறு விந்தையானது. 1920-களில் வட அமெரிக்காவில் பூசணம் பிடித்த குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் பெருகி மாண்டன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் என்பாரும் அவர் குழுவினரும் அதிலிருந்த நஞ்சைப் பிரித்தெடுத்தனர். அதன் வழிவந்த வார்ஃபரின், 1948-இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, 1954-இல் மனிதர்க்கும் மருந்தாயிற்று. வைட்டமின் ‘கே’யைக் கொண்டு கல்லீரல் உறைபொருள்களை ஆக்குவதை அது தடுக்கிறது.

அளவு மிகாதிருக்க ஐ.என்.ஆர். என்னும் சோதனை செய்வர். நலமுள்ளவர்க்கு அவ்வெண் ஏறக்குறைய 1. வால்வு பொருத்தியவர்க்குப் பெரும்பாலும் 2 முதல் 3.5 வரை வேண்டும். அண்ணாவுக்கு அன்று 6-ஐத் தாண்டியிருந்தது. பல் வீக்கத்திற்காகக் கடையில் தாமே வாங்கி விழுங்கிய மெட்ரோனிடசோல், வார்ஃபரினின் வேகத்தை ஏற்றிவிட்டது.

கடலூர் வழியாகப் புதுவைக்குக் கொண்டு சென்றோம். வைட்டமின் ‘கே’யும் பிளாஸ்மாவும் செலுத்தி, இரவு ஏழு மணிக்கு அறுவை தொடங்கிற்று. பின்னர் அவர் ஊன்றுகோலுடன் நடந்தார். வலக்கால் முழுதும் மீளவில்லை. வலி எழுந்ததிலிருந்து பதினான்கு மணி நேரம். அவற்றுள் ஏழு என் ஒத்தடத்தில் கழிந்தவை. அண்ணா அதைப் பற்றி என்னிடம் ஒருநாளும் ஒரு சொல் கூறியதில்லை.