கட்டிய கண்ணும் தாய் எழுதிய நூலும்



இவ்வட்டத்தின் கூட்டங்களில் சங்கப் பாடல்களைப் பற்றியும் காப்பியங்களைப் பற்றியுமே பேசிவந்த நான், பத்தாம் ஆண்டு விழாவில் ஆங்கில இளையோர் புதினம் ஒன்றை எடுத்துக்கொண்டது சிலர்க்கு வியப்பளிக்கலாம். மாயமும் மந்திரமும் விரவிய கதைகள் சிறுவர்க்கு உரியவை, ஆராய்ச்சிக்கு உரியவை அல்ல என்னும் எண்ணம் நம்மிடையே உண்டு. எனினும், தந்தைக்கும் மகனுக்கும் இடையே எழும் பூசலை அதன் வேர்வரை சென்று காட்டும் ஆற்றல் இவ்வகைப் புனைவுக்கும் உண்டு என்பதை எனக்கு உணர்த்திய நூல் இது.

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா கே. லெ குவின் (1929–2018) எழுதி 2004இல் வெளிவந்த ‘கிஃப்ட்ஸ்’ என்னும் புதினமே அந்நூல். 2006இல் ‘வாய்சஸ்’, 2007இல் ‘பவர்ஸ்’ எனத் தொடர்ந்த மூன்று நூல்களுள் இது முதலாவது. அவருடைய தந்தையார் ஆல்ஃபிரட் குரோபர் புகழ்பெற்ற மானிடவியல் அறிஞர். தாயார் தியோடோரா குரோபர், கலிபோர்னியத் தொல்குடியினரின் கதைகளை மறுவடிவில் எழுதியவர். குடிகளின் வழக்கங்களும் கதைகளும் பேசப்பட்ட இல்லத்திலிருந்து வந்தவர், குடிப்பெருமை ஒரு பிள்ளையை என்ன செய்யும் என்று கேட்டிருப்பது இயல்பே.

கதை நிகழும் இடம் மேட்டுநிலம் எனப்படும் வறிய மலைநாடு. அங்கே ஒவ்வொரு குடிக்கும் வழிவழியாக வரும் வரம் ஒன்றுண்டு. ஒரு குடியினர் விலங்குகளை அழைப்பர். மற்றொரு குடியினர் பகைவரை மெல்ல நலியச் செய்வர். கதைத் தலைவன் ஓரெக் பிறந்த காஸ்ப்ரோ குடியின் வரமோ அழித்தல். கண்ணால் நோக்கிக் கையால் சுட்டினால் உயிரும் பொருளும் உருக்குலைந்து போகும். தந்தை கானோக் அக்குடியின் தலைவன். தாய் மெல்லே கீழ்நிலத்து நகரிலிருந்து வந்தவள்; எழுத்தும் கதையும் அறிந்தவள்.

உரிய பருவம் வந்தும் ஓரெக்கிடம் வரம் வெளிப்படவில்லை. பின்னர் ஒரு நாள் பாம்பொன்று அழிகிறது. ஒரு நாய் அழிகிறது. ஒரு குன்றின் சரிவே பாழாகிறது. மூன்றும் தன் செயலே என்று அவன் நம்புகிறான். அவ்வேளைகளில் தந்தையும் உடனிருந்தான் என்பதை நாம் மறக்கலாகாது. கட்டுக்கு அடங்காத வரம் மகனுக்கு வாய்த்தது என்று முடிவு செய்யப்படுகிறது. சினத்தில் தன் மனைவியையே அழித்துவிட்டுப் பின்னர்ப் பார்வையைத் துறந்த மூதாதை ஒருவனின் கதை அக்குடியில் வழங்குகிறது. அந்த அச்சத்தால் ஓரெக்கின் கண்கள் கட்டப்படுகின்றன. அக்கட்டோடு அவன் ஆண்டுக்கணக்கில் வாழ்கிறான்.

இதனை முதன்முறை படித்தபோது நான் மகன் பக்கமே நின்றேன். கானோக்கைக் கொடியவன் என்றே எண்ணினேன். மீண்டும் படித்தபோது அவ்வாறு எண்ண இயலவில்லை. அவனுடைய நிலத்தின்மீது அண்டைக் குடித்தலைவன் ஓக் டிரம் கண்வைத்திருக்கிறான். வரமற்ற மகனே அடுத்த தலைவன் என்று தெரிந்தால் அந்நிலமும் அதில் உழைக்கும் மக்களும் அவன் கைக்குப் போவர். கண் கட்டப்பட்ட மகனோ பகைவர்க்குப் பேரச்சம். காணாத கண்ணே மிகக் கொடிய படைக்கலன் ஆகிறது. தந்தை தன் மகனைப் பயிரைக் காக்கும் வெருளியாக வயலில் நிறுத்திவிடுகிறான். இதனை அவன் பகையால் செய்யவில்லை. காக்க வேண்டும் என்னும் கடமையே அவனை அவ்வாறு செய்விக்கிறது. குடும்பப் பூசல்களுள் தீராதவை பகையால் விளைபவை அல்ல, இத்தகைய அன்பால் விளைபவையே என்று எனக்குத் தோன்றுகிறது.

புறநானூற்றில் பொன்முடியார் பாடிய பாடல் ஒன்று, தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மகன் என ஒவ்வொருவர்க்கும் ஒரு கடனை வகுத்துரைப்பதை நாம் அறிவோம். மகனுக்குரிய கடன் போர்க்களத்தில் நிறைவேறுகிறது. அந்தக் கடனை ஆற்றும் இயல்பே ஒரு மகனுக்கு இல்லையெனில் என்ன செய்வது? அப்பாடல் இக்கேள்வியை எழுப்பவில்லை. அது அப்பாடலின் நோக்கமும் அன்று. லெ குவின் எழுப்புகிறார். வரம் என்று பெயரிட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டு, அதனையே கடனாகத் திருப்பிக் கேட்கும் குடும்பத்தை அவர் நம்முன் நிறுத்துகிறார்.

ஓரெக்கின் தோழி கிரையின் வீட்டிலும் இதே பூசல் வேறு வடிவில் நிகழ்கிறது. விலங்குகளை அழைக்கும் வரம் அவளுக்கு உண்டு. வேட்டைக்காரர் கொல்வதற்காக விலங்குகளை அழைத்துத் தருவது அவள் தாயின் வழக்கம். மகள் அதற்கு உடன்பட மறுக்கிறாள். நம்மை நம்பி வருவதைக் கொல்லக் கொடுப்பதா என்பது அவள் நெஞ்சின் வினா. இவ்வரங்கள் தொடக்கத்தில் நன்மைக்கே உரியனவாக இருந்து, பின்னர்த் தலைகீழாகத் திரும்பியிருக்கலாம் என்று அவள் எண்ணுகிறாள். ஓரெக்கிடம் வரம் இல்லை, கிரையிடம் உண்டு. ஆயினும் பெற்றோர் கேட்கும் பயனைத் தர இருவராலும் இயலவில்லை. இவ்விருவரையும் அருகருகே நிறுத்தியதில் ஆசிரியரின் நுண்மை புலப்படுகிறது.

இனி, தாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓக் டிரம்மின் இல்லத்துக்குச் சென்று திரும்பிய பின் மெல்லேயின் உடல் நலிகிறது. அது டிரம்மின் வரம் செய்த கொடுமை என்பது கானோக்கின் நம்பிக்கை. அவள் கதை சொல்ல, கண் கட்டிய மகன் செவியால் வாழ்கிறான். தான் அறிந்த கதைகளையும் பாடல்களையும் அவள் துணியில் எழுதி ஒரு நூலாக்கி விட்டுச் செல்கிறாள். பார்வையை மறைத்த மகனுக்கு எழுத்தையா விட்டுச் செல்வது என்று நாம் திகைக்கிறோம். அவளோ அந்தக் கண்கள் ஒரு நாள் திறக்கும் என்று நம்பியவள்.

அவள் இறந்த பின் அந்நூலைப் படிக்கும் ஆவலில் ஓரெக் கட்டை அவிழ்க்கிறான். எழுத்துகள் அழியவில்லை, எதுவுமே அழியவில்லை. தன்னிடம் அழிக்கும் வரம் என்றுமே இருந்ததில்லை என்பதும், முன்பு அழித்தது தந்தையின் கையே என்பதும் அப்போது அவனுக்கு விளங்குகின்றன. தந்தை கட்டிய துணியைத் தாய் எழுதிய துணி அவிழ்த்தது எனலாம்.

முடிவில் கானோக் போரில் டிரம்மைக் கொன்று தானும் மடிகிறான். மகன் தந்தையை வெல்லவும் இல்லை, முழுதும் மன்னித்ததாக அறிவிக்கவும் இல்லை. அவன் துயருற்று, கிரையுடன் கீழ்நிலம் நோக்கி நடக்கிறான். அடுத்த நூலில், எழுத்தே தடைசெய்யப்பட்ட நகரமொன்றுக்கு அவன் புகழ்பெற்ற பாவலனாக வந்து சேர்கிறான். அழிக்கும் குடியில் பிறந்தவன் ஆக்கும் தொழிலைத் தாயிடமிருந்து பெற்றான். அதுவும் குடிவழி வந்த வரமே. ஆனால் அதனை வரம் என்று எண்ணிப் பார்க்க அவ்வீட்டில் எவர்க்கும் தோன்றவில்லை.

என் வகுப்பறையில் இத்தகைய பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். வேறு துறையில் இடம் கிடைக்காமல் தமிழுக்கு வந்ததாக வீட்டில் சொல்லிவைத்து, உண்மையில் தமிழை விரும்பியே வந்தவர்கள் அவர்கள். தம் விருப்பத்தைத் தோல்வி என்று பெயரிட்டு மறைக்கும் அவர்களும் ஒருவகையில் கண் கட்டப்பட்டவர்களே. நானும் ஒரு தாய். என் பிள்ளையின் கண்ணில் அன்பின் பெயரால் நான் கட்டியிருக்கும் துணி எது என்னும் கேள்வியோடுதான் இந்நூலை மூடினேன். அக்கேள்வியை உங்கள் முன்னும் வைக்கிறேன்.