வியர்வையும் சம்பளமும்
(பினாங்கு, ஜார்ஜ் டவுனில் ரப்பர்த் தோட்டத் தொழிலாளரிடையே நிகழ்த்திய உரை)



விடியுமுன் எழுந்து, பிரட்டுக்கு நின்று, நிரை நிரையாகப் பால் வெட்டுகிறவருக்கு ஒரு சம்பளம். பாயான் லெப்பாஸ் ஆலையில் மின்னணுப் பொருள் செய்கிறவருக்கு வேறொரு சம்பளம். வியர்வையைக் கொண்டு அளந்தால் இவ்வேறுபாடு விளங்காது.

முற்காலத்தில் நம் கூலியைச் சந்தைகூட நிர்ணயிக்கவில்லை. 1907இல் அமைந்த இந்தியக் குடிநுழைவுக் குழு பின்னாளில் தோட்டக் கூலியை வகுத்தது. 1920களின் இறுதியில், போக்குவரத்து எளிதான வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் அதுவும் வெட்டப்பட்டது. கப்பலில் புதிய ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தால் கூலி எவ்வாறு உயரும்? அதே ரப்பர் மரத்தை வெட்டிய சீனத் தொழிலாளர் கூடுதலாகப் பெற்றனர். அவர்கள் ஒப்பந்தம் பேசி வேலை எடுத்தார்கள். பிடிக்காவிடில் வேறிடம் போனார்கள். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வேலைநிறுத்தத்தில் நம்மவர் சமக்கூலி கேட்டது இதனால்தான்.

வேறிடம் போக முடிந்தவனுக்கே பேரம் பேச முடியும் என்பதைப் பினாங்கு மறுபடியும் காட்டியது. 1969இல் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் தோன்றியது. 1972இல் பாயான் லெப்பாசில் சுதந்திர வர்த்தக மண்டலம் உருவாகி, இன்டெல் போன்ற நிறுவனங்கள் வந்தன. செபராங் பிறைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் தோட்டத்திற்கு வெளியே ஒரு வாசல் திறந்தது.

அப்படியானால் தோட்டச் சம்பளம் ஏன் அந்த அளவுக்கு ஏறவில்லை? நிர்வாகத்தினர் கூறும் காரணத்தில் உண்மை உண்டு. ரப்பரின் விலை உலகச் சந்தையில் முடிவாகிறது. ஆலையில் இயந்திரம் ஒருவரது உற்பத்தியைப் பெருக்குவதுபோல் பால்வெட்டுக் கத்தி பெருக்குவதில்லை. ஆனால் விலை வீழ்ச்சியின் சுமையையும், மழை நாளின் நட்டத்தையும், இலையுதிர் காலத்துப் பால் குறைவையும் எடைக்கூலியின் பேரால் வெட்டுகிறவர் தலையில் ஏற்றியது இயற்கையின் செயலன்று. அது ஓர் ஏற்பாடு. 1990இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் வேலைநிறுத்தம் செய்து மாதச் சம்பளம் கேட்டதும் அதனை மாற்றுவதற்கே. 2001இல் அடைந்தது 325 வெள்ளி. பதினோர் ஆண்டுகள் காத்திருந்து பெற்ற தொகை அது!

வெளிநாட்டிலிருந்து வந்த தோழர்களால் கூலி தாழ்ந்தது என்பாரும் உளர். நம் முன்னோரைப் பற்றியும் ஒரு காலத்தில் இதையேதான் சொன்னார்கள். சட்டம் நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளம் அவர்களுக்கும் உண்டு.

அச்சட்டத்தின்படி முதல் ஆணை 2013 ஜனவரி 1இல் நடப்புக்கு வந்தது: தீபகற்பத்தில் 900 வெள்ளி, சபா, சரவாக்கில் 800 வெள்ளி. 2020இல் நகரத்திற்கு 1,200, பிற இடங்களுக்கு 1,100 எனப் பிரித்தார்கள். அரிசிக் கடையில் அப்படியொரு பிரிவினை இருந்ததாக நான் அறியேன். 2022இல் 1,500 என ஒரே அளவாயிற்று. 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி. வாரம் ஆறு நாள் வேலையெனில் நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு.

நம்மில் பலர் அறியாத ஒன்றுண்டு. அடிப்படைச் சம்பளமின்றி எடைக்கூலி மட்டும் பெறுகிறவருக்கும் மாதச் சம்பளம் அந்த அளவுக்குக் குறையலாகாது என்பது ஆணையின் விதி. ஆதலால் ஸ்டோரில் நிறுத்த எடையையும் வேலை செய்த நாள்களையும் அன்றன்றே ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். சம்பளச் சீட்டைக் கிழித்தெறியாதீர்கள். கணக்கு ஒவ்வவில்லையென்றால் முதலில் கிராணியிடம் கேளுங்கள். பிறகு சங்கத்திடம் சொல்லுங்கள். அதற்குப் பின்னும் தீரவில்லையெனில் அந்தக் குறிப்பேட்டுடனும் சீட்டுகளுடனும் தொழிலாளர் இலாகாவுக்குச் செல்லுங்கள்.